அடுகோடியில் மாணவர் வாழ்வும் ஊர்ப் பண்பாடும்

கல்வியின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லுதல் நம் மக்களுக்குப் புதியதன்று. முற்காலத்தில் ஆசிரியரைத் தேடி மாணவர் சென்றனர். இக்காலத்தில் கல்லூரியைத் தேடிச் செல்கின்றனர். தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் குடும்பங்களிலோ இந்தப் பெயர்ச்சி இருமடங்காக நிகழ்கின்றது. பிழைப்பை நாடிப் பெற்றோர் ஒருமுறை பெயர்ந்தனர். படிப்பை நாடிப் பிள்ளைகள் மறுமுறை பெயர்கின்றனர். சென்ற இடத்தில் பட்டம் கிடைத்தால் போதுமா, அன்றி அந்த ஊரும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமா என்பது தில்லியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் யாவரும் எண்ணிப் பார்க்கத் தக்க வினா. இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பெங்களூரின் ஒரு பகுதியாகிய அடுகோடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பெங்களூர் மாநகரின் நடுவிலிருந்து தென்கிழக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைக்கு ஒசூர் சாலை என்று பெயர். அச்சாலையைப் பிடித்துச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் தமிழகத்து ஒசூரை அடைந்துவிடலாம். அச்சாலையில், நகரின் பழைய எல்லை முடிந்து புதிய விரிவு தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது அடுகோடி. கன்னட எழுத்தில் இப்பெயரின் முதலெழுத்தை நெடிலாக, 'ஆடுகோடி' என்றே எழுதுவர். ஆடு என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. கோடி என்பது கன்னடத்தில் ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் வாயைக் குறிக்கும். நாம் கலிங்கு என்று கூறுவது அதுவே. தமிழிலும் கடைக்கோடி, தெருக்கோடி என்று எல்லையைச் சுட்ட அச்சொல் வழங்குகின்றது. ஆகவே பெயர்ப்பலகையைப் படிக்கும் தமிழருக்கும் கன்னடருக்கும் அவ்வூர்ப் பெயர் அந்நியமாக ஒலிப்பதில்லை. இது சிறு செய்தியே எனினும், பின்னர் நாம் கூறப்போகும் கருத்துக்கு நல்ல தொடக்கமாகும்.

அடுகோடியைத் தனி நகரம் என்று எவரும் கூறார். அது மாநகரின் ஒரு பேட்டையே. ஆயினும் அதனையும் அதனை ஒட்டிய இலக்கசந்திரா, கோரமங்களா ஆகிய பகுதிகளையும் ஒரு சேர நோக்குவோமாயின், மாநகருக்குள் ஒரு சிறு கல்லூரி நகரம் அமைந்திருப்பதைக் காணலாம். 1923ஆம் ஆண்டில் இங்கு அரசினரின் கால்நடை, பால்பண்ணைக் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. 1954ஆம் ஆண்டில் அகில இந்திய மனநல நிறுவனம் நிறுவப்பெற்று, அது 1974ஆம் ஆண்டில் பழைய மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து, 'நிம்ஹான்ஸ்' என்று இன்று நாடறிந்த நிறுவனமாயிற்று. 1957ஆம் ஆண்டில் கேரளத்துக் கத்தோலிக்கத் துறவியர் தம் தருமாராம் கல்லூரியை இப்பகுதியில் அமைத்தனர். 1963ஆம் ஆண்டில் தூய ஜான் மருத்துவக் கல்லூரி பிறந்தது. 1969ஆம் ஆண்டில் தருமாராம் வளாகத்தின் அருகிலேயே கிறைஸ்ட் கல்லூரி தோன்றி, 2008ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நிலையை எய்தியது. இவையனைத்தும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிறிது தொலைவிலேயே உள்ளன. மருத்துவம், இறையியல், பால்வளம், மனநலம், கலை, வணிகம் எனப் பல துறை மாணவர் ஒரே சாலையில் நடப்பதை இங்குப் போல் வேறு இடங்களில் எளிதில் காண இயலாது.

இந்நிறுவனங்களுள் மூத்ததாகிய பால்பண்ணைக் கல்வி நிலையத்தின் வரலாற்றில் நாம் அறிந்து மகிழத்தக்க இரு மாணவர் உளர். முதலாமவர் காந்தியடிகள். 1927ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றிய அண்ணல், நந்திமலையிலும் பெங்களூரிலும் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார். பசுப் பாதுகாப்பில் பெரிதும் ஆர்வம் கொண்டிருந்த அவர், அந்த ஓய்வு நாட்களில் இந்நிலையத்திற்கு வந்து, மாடு வளர்க்கும் முறைகளையும் பால்பண்ணை நடத்தும் முறைகளையும் கேட்டறிந்தார். அப்பொழுது அவருக்கு வயது 57. நாடே தலைவர் என்று போற்றிய ஒருவர், கற்க வேண்டியதைக் கற்க மாணவராய் வந்து நின்றார் என்பது இப்பேட்டைக்கு என்றும் உள்ள பெருமை.

இரண்டாமவர் வெர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்ற அவர், அரசு உதவித்தொகை பெற்று அமெரிக்கா செல்வதற்கு முன், இந்நிலையத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். பால்வளத்துறை அவர் விரும்பித் தேர்ந்த துறையன்று. உதவித்தொகை அத்துறைக்கே கிடைத்தமையால் வந்து சேர்ந்தார். அங்ஙனம் வந்தவரே பிற்காலத்தில் குஜராத்து மாநிலத்தின் ஆனந்து நகரில் தங்கி, உழவர் கூட்டுறவின் வாயிலாக நாட்டின் பால் உற்பத்தியைப் பெருக்கினார். மலையாள மண்ணில் பிறந்து, தமிழகத்தில் படித்து, கன்னட நாட்டில் பயிற்சி பெற்று, குஜராத்தில் தொண்டாற்றிய ஒருவரின் வாழ்வு, கல்வியின் பொருட்டுப் பெயரும் இளைஞர்க்கெல்லாம் ஊக்கம் தருவதாகும்.

1955ஆம் ஆண்டில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் அரியானாவின் கர்னாலில் அமைக்கப்பெற்றபோது, அடுகோடியிலிருந்த நிலையம் அதன் தென்மண்டலக் கிளையாயிற்று. அருகிலுள்ள நாற்சந்திக்குப் 'பால்பண்ணை வட்டம்' என்னும் பொருளில் 'டெய்ரி சர்க்கிள்' என்ற பெயரே இன்றும் வழங்குகின்றது.

நிற்க. அடுகோடியில் கற்போர் கல்லூரி மாணவர் மட்டுமல்லர். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'மைக்கோ' நிறுவனம், தன் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. ஊர்திகளின் பொறிகளுக்கு எரிபொருளை அளந்து செலுத்தும் நுண்கருவிகளைச் செய்த அந்நிறுவனத்தில், பள்ளியிறுதி முடித்த சிறுவர்கள் தொழில் பயில்வோராய்ச் சேர்ந்து, இரும்பை இம்மியளவு பிசகாமல் கடையக் கற்றனர். இலத்தே என்றும் அரமென்றும் ஏந்திய அவர்கள் கைகளும் ஒருவகைப் பட்டம் பெற்ற கைகளே. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தந்தையின் தொழிற்சாலை வேலையே பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாயிற்று. 2008ஆம் ஆண்டில் 'பாஷ்' என்று பெயர் மாறிய அந்நிறுவனம், உற்பத்தியை நகருக்கு வெளியே பிடதிக்குக் கொண்டு சென்றபின், பழைய தொழிற்சாலை வளாகம் பொறியாளர் அமர்ந்து பணியாற்றும் இடமாக மாறிவிட்டது. எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை போய், கழுத்தில் அடையாள அட்டை வந்தது. இம்மாற்றம் அடுகோடியின் தெருக்களையும் மாற்றியது.

இனி மாணவரின் அன்றாட வாழ்வைக் காண்போம். கல்லூரிகளில் இடம் பெறுவோர் தொகை பெருகப் பெருக, அவற்றின் விடுதிகள் போதாவாயின. ஆகவே அண்டையிலுள்ள வீட்டு உரிமையாளர் பலர் தம் வீட்டின் மேல் மாடிகளைக் கட்டண விடுதிகளாக ஆக்கினர். மாணவர் அவற்றைப் 'பி.ஜி.' என்று இரண்டே எழுத்தில் அழைப்பர். ஓர் அறையில் மூன்று கட்டில்கள். ஒரு கட்டிலில் அசாமியர், ஒரு கட்டிலில் மலையாளி, மற்றொன்றில் மதுரைப் பிள்ளை. காலையில் குளியலறைக்கு வரிசை. இரவில் தேர்வுக்கு முன் ஒரே விளக்கின் கீழ் மூவரும் படிக்கும் படிப்பு. தாய் தந்தையரை முதன்முதலாகப் பிரிந்த பிள்ளை, பிறர் பழக்கத்துக்கு இடங்கொடுக்கக் கற்பது இவ்வறைகளில்தான்.

உணவைப் பொறுத்தவரை இவ்வூர் எளியோர்க்குக் கருணையுள்ளது. 1980களில் பெங்களூரில் பரவத் தொடங்கிய 'தர்ஷினி' என்னும் நின்றுண்ணும் சிற்றுண்டிச் சாலைகள் மாணவர்க்குப் பெருந்துணை. இட்டிலியும் உளுந்து வடையும், எலுமிச்சைச் சாற்றில் செய்த சித்திரான்னமும், பருப்பும் காய்கறியும் சேர்ந்து வெந்த பிசிபேளே பாத்தும் அங்குச் சூடாகக் கிடைக்கும். இங்கு 'பை டூ' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு காப்பியை இரு குவளைகளில் சமமாகப் பகிர்ந்து தருமாறு கேட்பதே அது. கையில் காசு குறைந்த மாணவர் இருவர் அவ்வாறு கேட்டால், எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. பகிர்ந்துண்ணும் பண்பை நம் நூல்கள் அறமெனப் போற்றும். பெங்களூரோ அதனைக் காப்பிக் கடையின் அன்றாட வழக்கமாகவே ஆக்கிவிட்டது.

இனி நம் பொருளின் உள்ளே நுழைவோம். இவ்வாறு கூடி வாழும் மாணவரை நாம் மூவகையினராகப் பகுத்துக் காணலாம்.

முதல்வகையினர், தமிழகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மூன்றாண்டுப் படிப்புக்காக வருவோர். இவர்கள் கல்லூரிக்குள் ஆங்கிலத்தில் பேசுவர். அறைக்குள் தத்தம் மொழியில் பேசுவர். கடையில் சைகையாலும் அரைகுறை இந்தியாலும் காரியம் முடிப்பர். மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பும்போது, பெங்களூரின் வானிலையையும் கடைவீதியையும் நன்கறிவர். பெங்களூர் மக்களை அறியார்.

இரண்டாம் வகையினர், இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். அடுகோடியிலும், அதனை அடுத்த நீலசந்திரா, ஈஜிபுரம், விவேகநகர் முதலிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இப்பிள்ளைகளில் பலர் தமிழைப் பேசுவர், எழுதார். கன்னடத்தைப் பேசுவர், அதில் ஒரு நூலையும் படித்திரார். இரு மொழி நாவில் இருந்தும், இரண்டிலும் நூலறிவு இல்லாத நிலை இது. ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டத் தாயை அழைக்கும் கல்லூரி மாணவரை நாம் கண்டிருக்கின்றோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு குடும்பத்துக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது பெரிதும் வருத்தம் தருவதாயிற்று.

மூன்றாம் வகையினரைப் பற்றி நம்மவர் எண்ணிப் பார்ப்பது அரிது. கோலாரிலிருந்தும் சாமராசநகரிலிருந்தும் வட கன்னடத்துச் சிற்றூர்களிலிருந்தும் வரும் கன்னட மாணவரே அவர். கன்னடப் பள்ளியில் படித்துத் தேறி, தம் மாநிலத்தின் தலைநகருக்கு வந்த அவர்கள், வகுப்பறையிலும் உணவுக் கூடத்திலும் தம் மொழி ஒலிக்காமல் ஆங்கிலமே ஒலிப்பதைக் கண்டு திகைக்கின்றனர். வந்தவர் அனைவரும் வீட்டிலிருப்பவர்போல் உலவ, வீட்டுக்குரியவர் விருந்தினர்போல் ஒதுங்கி நிற்கின்றார். இந்தத் திகைப்பு நாளடைவில் மனக்கசப்பாக மாறுமாயின், அது யார்க்கும் நன்மை பயவாது. அதனைத் தடுக்கும் ஆற்றல் சட்டத்தைக் காட்டிலும் சக மாணவர்க்கே மிகுதியாக உண்டு. அறைத்தோழராகிய தமிழ் மாணவர் ஒருவர், 'ஊட்டா ஆயிதா' என்று கேட்டால், அந்தக் கன்னட மாணவரின் முகம் மலர்வதை எவரும் காணலாம். உணவு உண்டாயிற்றா என்பதே அதன் பொருள்.

கன்னடம் கற்றல் தமிழர்க்குக் கடினமன்று. அது உறவினர் வீட்டுக்கு வழி அறிவது போன்றது. சில ஒலி மாற்றங்களை அறிந்துகொண்டால் பாதி வழி கடந்தாயிற்று. நம் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகும். பால் என்பது ஹாலு. பல் என்பது ஹல்லு. பூ என்பது ஹூ. புலி என்பது ஹுலி. பத்து என்பது ஹத்து. ஊரைக் குறிக்கும் பள்ளி என்பது ஹள்ளி. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்துடனேயே வழங்கின என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இனி, நம் வகரம் அங்குப் பகரத்தின் மெல்லொலியைப் பெறும். வா என்பது 'பா' என்றும், விடு என்பது 'பிடு' என்றும், வெள்ளி என்பது 'பெள்ளி' என்றும் வரும். நம் சகரம் சில சொற்களில் அங்குப் பழைய ககரமாகவே நிற்கும். செவி என்பது கிவி. சேரி என்பது கேரி. மடிக்கேரி என்னும் ஊர்ப்பெயரில் நம் சேரியே மறைந்திருக்கின்றது.

உறவுப் பெயர்களோ இன்னும் அண்மையானவை. அப்பா, அம்மா, அண்ணா, அக்கா என்பன இரு வீட்டிலும் ஒன்றே. தம்பி 'தம்ம' என்றும், தங்கை 'தங்கி' என்றும் சிறிதே மாறும். கல்லூரி வாயிலில் இளநீர் விற்கும் பெரியவரை 'அண்ணா' என்றழைக்கும் தமிழ் மாணவர், தாம் அறியாமலே கன்னடத்தில் பேசிவிட்டார் என்பதை உணர்வாராக. எழுத்து மட்டுமே வேறு. அதனையும் நாள்தோறும் பேருந்துப் பலகைகளைக் கூட்டிப் படித்து வந்தால் சில வாரங்களில் கற்றுவிடலாம்.

மொழியை ஒட்டியே திருவிழாக்களும் அமைந்துள்ளன. நாம் பொங்கலிடும் நாளில் கன்னட மக்கள் சங்கராந்தி கொண்டாடுவர். எள்ளும் வெல்லமும் நிலக்கடலையும் உலர்ந்த கொப்பரையும் கலந்து, அதனை வீடுதோறும் சென்று வழங்குவர். இதனை உண்டு இன்சொல் பேசுக என்று வாழ்த்துவதும் மரபு. யுகாதி நாளில் வேம்பையும் வெல்லத்தையும் சேர்த்து உண்பர். நம் புத்தாண்டு வேப்பம்பூப் பச்சடியும் அதே கருத்தினதே. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கடலைக்காய்ச் சந்தை கூடும். சுற்றுப்புற உழவர் கொணர்ந்து குவிக்கும் நிலக்கடலையை வாங்கி, தோலுரித்துத் தின்றவண்ணம் மாணவர் கூட்டம் அலைமோதும்.

இவற்றுள் நாம் சிறப்பாகக் கருத வேண்டியது கரக விழா. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், திகளர்பேட்டைத் தருமராயர் கோயிலிலிருந்து, திரௌபதியின் வடிவமாகக் கருதப்படும் பூங்கரகத்தைத் தலையில் தாங்கி, ஆடவர் ஒருவர் பெண் உடையணிந்து நகரை வலம் வருவார். உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்ந்து செல்வர். காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் சென்று வருவது வழக்கம். இவ்விழாவை நடத்தும் திகளர், தோட்டத் தொழிலில் வல்ல குடியினர். திகளர் என்னும் சொல்லே பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்து வழங்கியது. வட தமிழகத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மனுக்குத் தீமிதி நடத்தும் மரபை அறிந்த எவரும், பெங்களூரின் தலையாய திருவிழாவில் நம் வழிபாட்டின் சாயலைக் காண்பர். நகரத்தின் பழமையான விழாவே இரு மொழியினரின் பொதுச்சொத்தாக இருக்க, ஒருவரையொருவர் அந்நியர் என்று கருதுதல் எங்ஙனம் பொருந்தும்?

தமிழர் இங்குப் பெருந்தொகையாகக் குடியேறியதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படையினரும் வணிகரும் கட்டடத் தொழிலாளரும் வந்து தங்கினர். அவர்களின் பிள்ளைகள் படிப்பதற்கென ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873ஆம் ஆண்டில் பள்ளி தொடங்கினார். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றி வருகின்றது. இராசாசி அவர்கள் மாணவராயிருந்த காலத்தில் பயின்றதும் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலேயே. ஆகவே தமிழ் மாணவர் இந்நகருக்கு நேற்று வந்தவரல்லர்.

எனினும் இப்பழமையைக் காட்டி உரிமை பேசுவதைவிட, இங்கு வாழ்ந்த பெரியோர் சிலர் காட்டிய வழியை நோக்குதல் சாலச் சிறந்தது. மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றவர். அவர் எழுதியது கன்னடத்தில். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அந்நாட்டார் அவரைப் போற்றுவர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய நெருங்கிய நண்பரும், 1973ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்ற கவிஞருமாகிய தத்தாத்ரேய இராமச்சந்திர பேந்திரேயின் வீட்டுமொழி மராத்தி. ஒருவர் தமிழ் வீட்டிலிருந்து வந்தார். மற்றவர் மராத்தி வீட்டிலிருந்து வந்தார். இருவரும் கன்னடத்தை வளர்த்தனர். அதனால் அவர்கள் வீட்டுமொழிக்கு எக்குறையும் நேர்ந்ததில்லை.

கன்னட நாடகத்துக்குப் புத்துயிரூட்டிய கைலாசமும் தமிழ்க் குடும்பத்தினரே. 'டொள்ளு கட்டி' என்னும் அவருடைய நாடகம் மாணவர் வாழ்வையே பொருளாகக் கொண்டது. டொள்ளு என்பது உள்ளீடற்றது. கட்டி என்பது திண்மையுடையது. தேர்வில் முதன்மை பெறுவதையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு மகனும், தேர்வில் தோற்றாலும் பிறர் துன்பத்தைக் கண்டு ஓடி உதவும் மற்றொரு மகனும் அதில் வருகின்றனர். இருவருள் யார் உள்ளீடற்றவர், யார் திண்மையுடையவர் என்று அவையோரைச் சிந்திக்க வைத்தார் கைலாசம். நூறாண்டுக்கு முன் எழுந்த அவ்வினா இன்றைய அடுகோடி மாணவர்க்கும் பொருந்துவதே. மூன்றாண்டு ஓர் ஊரில் வாழ்ந்தும் அவ்வூராரிடம் பத்துச் சொல் பேசத் தெரியாத பட்டம், எவ்வளவு மதிப்பெண் பெற்றதாயினும், உள்ளே ஒரு வெறுமையுடையதே.

இதற்கு மாறாக, உள்ளீடுள்ள கல்வி எவ்வாறு இருக்கக்கூடும் என்பதற்கும் அடுகோடியிலேயே சான்றுண்டு. கிறைஸ்ட் கல்லூரியை நடத்துவோர் கேரளத்தில் தோன்றிய துறவியர், பயில்வோர் பல மாநிலத்தார், பயிற்றுமொழி ஆங்கிலம். அத்தகைய இடத்தில் 1970களிலிருந்து ஒரு கன்னடச் சங்கம் வேரூன்றித் தழைத்தது. அதற்கு உயிராயிருந்தவர் கன்னடப் பேராசிரியர் சி. சீனிவாசராஜு. மாணவர் எழுதிய கவிதைகளைத் திரட்டிச் சிறு நூல்களாக அச்சிட்டு, எளிய விலையில் விற்கச் செய்தார் அவர். பேந்திரேயின் நினைவாகக் கல்லூரி மாணவர்க்குக் கவிதைப் போட்டியும் நடத்தப்பெற்று வந்தது. பிற்காலத்தில் பெயர் பெற்ற கன்னடக் கவிஞர் பலரின் முதற்கவிதைகள் அந்தப் போட்டியின் வாயிலாக வெளிச்சம் கண்டன. சங்கம் வெளியிட்ட நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன. 2007ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆசிரியர் ஒருவரின் ஆர்வம் ஒரு வளாகத்தையே ஊரோடு பிணைக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனிய செய்திகளை மட்டும் கூறி, இன்னாதவற்றை மறைத்தல் முறையன்று. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் மூண்ட கலகத்தில், தமிழ் மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெருந்துன்பத்துக்கு உள்ளாயின. 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் நகர் பதற்றத்தில் ஆழ்ந்தது. அத்தகைய நாட்களில் கல்லூரிகள் மூடப்படும். விடுதி மாணவர் அறைக்குள் அடைந்து கிடப்பர். பெற்றோர் தொலைவில் கலங்குவர். அந்நேரங்களில் கன்னடக் குடும்பங்கள் தமிழ் அண்டையாருக்குக் காவலாய் நின்றதும் உண்டு. அந்தக் காவல் ஒரே நாளில் முளைத்ததன்று. ஆண்டுக்கணக்கில் எள்ளும் வெல்லமும் பரிமாறி, ஒருவர் மொழியில் மற்றவர் நலம் விசாரித்து வளர்த்த பழக்கத்தின் விளைவே அது. கலகம் மூண்டபின் அண்டையாரைத் தேட முடியாது. அமைதிக் காலத்திலேயே தேடிக்கொள்ளல் வேண்டும்.

அமைதிக்கும் நன்முயற்சி உண்டு. 1991ஆம் ஆண்டு முதல் 18 ஆண்டுகள் அல்சூரில் திரையிட்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரு மாநில முதலமைச்சர்களும் கூடியிருக்கத் திறக்கப்பெற்றது. நான்கு நாட்களுக்குப் பின், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. கல்லில் நின்ற இவ்விரு புலவரையும் இரு மொழி மாணவரும் படித்தறிதலே அச்சிலைகளுக்கு உரிய வழிபாடாகும்.

இன்று கருநாடகப் பள்ளிகளில் கன்னடத்தை ஒரு பாடமாகக் கற்பதற்கு 2015ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்துள்ளது. இதனைச் சுமையென்று கருதும் தமிழ்ப் பெற்றோர் உளர். பள்ளியில் கன்னடம் கற்பதனால் பிள்ளையின் தமிழ் கெடுவதில்லை; வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பியாமையே அதனைக் கெடுக்கின்றது. மாலையில் அரைமணி நேரம் பிள்ளையை அருகமர்த்தித் தமிழ் நாளிதழின் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்தல், ஊரிலுள்ள பெரியோருக்கு மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதச் செய்தல், விடுமுறையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவை பொருட்செலவற்றவை. பள்ளி கொடுக்கும் மொழியும் வீடு கொடுக்கும் மொழியும் இரு கண்களாம். ஒன்றை மூடினால்தான் மற்றொன்று தெரியும் என்பார் எவரும் இலர்.

அடுகோடிக்குக் கூறியவை பிற இடங்களுக்கும் பொருந்தும். புனேயில் உள்ள பிள்ளைக்கு மராத்தியும், கொல்கத்தாவில் உள்ள பிள்ளைக்கு வங்காளியும், அகமதாபாத்தில் உள்ள பிள்ளைக்குக் குஜராத்தியும் அத்தகைய அயல்வீட்டு மொழிகளே. கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் நாம் பெட்டியில் துணிமணிகளையும் பருப்புப் பொடியையும் வைத்து அனுப்புகின்றோம். அவற்றோடு, அவ்வூர் மொழியின் எழுத்துப் புத்தகம் ஒன்றையும், தமிழ் நூல் ஒன்றையும் வைத்து அனுப்புவோமாக. முன்னது அவர்களுக்குப் புதிய அண்டையாரைத் தேடித் தரும். பின்னது பழைய வீட்டை மறவாமல் காக்கும். பட்டத்துடன் இவ்விரண்டையும் பெற்றுத் திரும்பும் மாணவரே, கைலாசத்தின் சொல்லிற் கூறுவதாயின், 'கட்டி'யானவர் ஆவர்.